சாவி யார் கையில்? சிங்கப்பூரின் ‘சப்ஸ்டேஷன்’ வீட்டை இழந்த கதை

2021 மார்ச் 2ஆம் தேதி சிங்கப்பூரின் ‘தி சப்ஸ்டேஷன்’ கலை மையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆர்மேனியன் ஸ்ட்ரீட் 45ஆம் எண் கட்டடத்தை ஜூலையில் காலி செய்ய வேண்டியிருக்கிறது, அதோடு மையத்தையே மூடிவிடுகிறோம் என்றது நிர்வாகக் குழு. அடுத்த சில வாரங்களுக்கு நாடகக்காரர்கள், ஓவியர்கள், நடனக் கலைஞர்கள், குறும்படம் எடுப்பவர்கள், ராக் இசைக்காரர்கள் என்று ஆளாளுக்குப் பிரியாவிடைக் குறிப்பு எழுதினார்கள். பெரும்பாலானவற்றில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே விஷயம்: ‘என் முதல் நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது.’

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பம். கட்டடத்துக்குப் பொறுப்பான அரசு அமைப்பு, தேசியக் கலைகள் மன்றம், ‘போய்விடுங்கள், திரும்பி வராதீர்கள்’ என்று சொல்லவில்லை. கட்டடம் பழசாகிவிட்டது, சீரமைப்பு வேலைக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும், முடிந்ததும் நீங்கள் வரலாம் என்றுதான் சொன்னது. ஒரே நிபந்தனை, முழுக் கட்டடமும் இனி உங்களிடம் இருக்காது; மற்றக் குழுக்களோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வாடகைதாரர்களில் ஒருவராக வரலாம். ‘அப்படியென்றால் வேண்டாம், மூடிவிடுகிறோம்’ என்றது சப்ஸ்டேஷன். இடம் தருகிறேன் என்பவரிடம் எதற்கு இந்த வீம்பு? மானியத்தில் ஓடும் அமைப்புக்கு இது தேவையா? இப்படிக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் முப்பது வருடங்களாக அந்தக் கட்டடத்தில் யார் யாருக்குத் தேதி கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

நாடகாசிரியர் குவோ பாவ் குன்னிலிருந்து தொடங்குவோம். 1939இல் சீனாவில் பிறந்து, பத்து வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். ஆஸ்திரேலியாவில் நாடகம் படித்துவிட்டுத் திரும்பி, 1965இல் மனைவியும் நடனக் கலைஞருமான கோ லே குவானோடு சேர்ந்து ஒரு நிகழ்கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1976 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணை இல்லாமல் சிறைவைக்கப்பட்டார். 1980 அக்டோபரில்தான் வெளியே வந்தார். இடையில் குடியுரிமையையும் பறித்துவிட்டார்கள். அது திரும்பக் கிடைக்க 1992 ஆயிற்று. ஆனால் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை அதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். குடியுரிமை இல்லை, பதக்கம் உண்டு. அரசுக்கும் கலைஞருக்கும் இடையே அங்கே இருந்த உறவு எப்படிப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சிறையிலிருந்து வந்த பிறகு அவர் எழுதிய இரண்டு நாடகங்கள் இந்தக் கதைக்கு முக்கியம். ஒன்று, 1980களின் நடுவில் வந்த ‘குழியைவிடப் பெரிய சவப்பெட்டி’. ஒரே ஆள் நின்று பேசும் நாடகம். தாத்தாவின் சவப்பெட்டி அரசாங்க அளவில் தோண்டிய குழிக்குள் போகவில்லை. ஒருவருக்கு ஒரு குழிதான் என்கிறார் அதிகாரி, பேரன் மன்றாடுகிறான். யாரும் கெட்டவர் இல்லை, விதி மட்டும் அளவு மாறாமல் நிற்கிறது. இன்னொன்று, 1988இல் நடிகர்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘பூனையைத் தேடும் அம்மா’. சீன வட்டார மொழியான ஹொக்கியன் மட்டும் தெரிந்த கிழவி. ஆங்கிலமும் மாண்டரினும் பேசும் பிள்ளைகளோடு அவளால் பேச முடிவதில்லை. காணாமல்போன பூனையைத் தேடி அலையும்போது, தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்க் கிழவரைச் சந்திக்கிறாள். அவர் தமிழில் பேசுகிறார், அவள் ஹொக்கியனில் பேசுகிறாள். சைகையும் ஒலியுமாக இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிடுகிறது. சிங்கப்பூர் மேடையில் தமிழ் ஒரு தனிக் கட்டத்துக்குள் இருந்த காலம் அது. தமிழ் நாடகத்துக்குத் தமிழர் வருவார்கள், சீன நாடகத்துக்குச் சீனர் வருவார்கள். இந்த நாடகத்தில் வசனம் முழுவதும் புரிந்தவர் என்று அரங்கில் அநேகமாக ஒருவரும் இருந்திருக்க முடியாது. அதுதான் அவர் எண்ணமும்.

அதே எண்ணத்தை ஒரு கட்டடமாக எழுப்பினால் எப்படி இருக்கும்? 1920களில் கட்டிய துணை மின்நிலையம் (சப்ஸ்டேஷன்) ஒன்று ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் பயனில்லாமல் கிடந்தது. அதைக் கலை மையமாக்கலாம் என்று அரசிடம் யோசனை வைத்தார் குவோ. வருடக்கணக்கில் பேசி, பணம் திரட்டி, 1990 செப்டம்பர் 16 அன்று மையத்தைத் திறந்தார்கள். ‘பிளாக் பாக்ஸ்’ எனப்படும் கறுப்புச் சுவர் கொண்ட சிறிய அரங்கு, ஓவியக் காட்சிக்கூடம், நடனக் கூடம், வகுப்பறைகள், பின்னால் ஒரு தோட்டம். நகரின் நடுவில், பழைய செங்கல் தேசிய நூலகத்துக்கும் இப்போதைய பெரானாக்கன் அருங்காட்சியகத்துக்கும் பக்கத்தில் இருந்தது. (அந்த நூலகத்தை 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள். சப்ஸ்டேஷன்காரர்களுக்குப் பிரியாவிடைப் பயிற்சி அப்போதே கிடைத்துவிட்டது.)

குவோ போட்ட அடிப்படை விதி ஒன்றுதான்: இங்கே தோற்கலாம். உப்புச் சப்பில்லாத வெற்றியைவிட உருப்படியான தோல்வி மேல் என்பது அவர் கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. இதை ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையாக மாற்றுவது எப்படி என்பதில்தான் சப்ஸ்டேஷனின் அருமை.

கையில் பெரிதாகக் காசில்லாத, இதுவரை எதுவும் போட்டிராத ஐந்து பேர் ஒரு நாடகம் போட நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேர் அமரும் அரங்கு அவர்களுக்கு எதற்கு? பத்து வரிசை காலியாகக் கிடந்தாலே நடிகனுக்குத் தொண்டை அடைத்துவிடும். அவர்களுக்கு வேண்டியது நூறு சொச்சம் இருக்கைகள், நான்கு புறமும் கறுப்புச் சுவர், மேலே விளக்கு மாட்டக் கம்பிக் கட்டம். மேடை என்று தனியாகத் தூக்கிக் கட்டியது எதுவும் கிடையாது. நாற்காலியை எந்தப் பக்கம் போடுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் மேடை. ஒரு நாள் பம்ப்-இன்: காலையில் பொருளை இறக்கி, மதியம் விளக்கு ஏற்றி, இரவு ஒளி, ஒலியைச் சரிபார்க்கும் டெக் ரிஹர்சல். அடுத்து இரண்டு மூன்று நாள் காட்சி. கடைசிக் காட்சி முடிந்த இரவே எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிவிட வேண்டும், மறுநாள் வேறு யாரோ வருவார்கள். இவ்வளவுதான். ஆனால் இதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். யாரோ ஒருவர் தேதிப் புத்தகத்தைத் திறந்து, இந்த ஐந்து பேரின் முகத்தைப் பார்த்து, ‘சரி, அந்த வியாழன் முதல் சனி வரை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வேண்டும். முன் அனுபவம் என்ன, எத்தனை பேர் வருவார்கள், எந்த விருது வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்காமல் அப்படிச் சொல்லும் அதிகாரம் அந்த நபருக்கு இருக்க வேண்டும். சப்ஸ்டேஷனில் இருந்தது.

நாடகத்துக்கு மட்டுமா? 1990களில் பங்க், ஹார்ட்கோர், மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக் குழுக்களுக்குச் சிங்கப்பூரில் கதவு திறந்த இடங்கள் குறைவு. முடி வளர்த்த, கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் சப்ஸ்டேஷன் தோட்டத்தில் வாசித்தார்கள். உள்ளே காட்சிக்கூடத்தில் ஓவியம் பார்க்க வந்தவர் வெளியே இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவார். குறும்படங்களுக்கென்று தனி நிகழ்ச்சிகள் நடந்தன. பின்னாளில் பெயர் வாங்கிய இயக்குநர்கள் பலரின் தொடக்க காலப் படங்கள் ஓடிய திரை அது. நாடகக்காரரும் ஓவியரும் இசைக்காரரும் ஒரே வாசலில் நின்று சிகரெட் பிடித்தார்கள். கலைத்துறையில் பாதிக் கூட்டணிகள் உருவாவது அப்படி நிற்கும்போதுதான். அதற்கென்று எந்த மானியத் திட்டத்திலும் தனித் தலைப்பு கிடையாது.

சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கு இடத்தை இழப்பது புதிய அனுபவம் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1988இல் டாங் டா வூ என்ற கலைஞர் உலு செம்பவாங்கில், லோரோங் கம்பாஸ் என்ற இடத்தில், ஒரு பழைய கோழிப்பண்ணையில் ‘தி ஆர்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’ என்ற கலைஞர் குடியிருப்பைத் தொடங்கினார். கொட்டகையில் வரைந்து, மரத்தடியில் காட்சி வைத்து இரண்டு வருடம் ஓடியது. 1990இல் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. சப்ஸ்டேஷன் திறந்ததும் அதே வருடம்தான். 1991இல் சூசன் விக்டர் உள்ளிட்டவர்கள் பார்க்வே பரேட் கடைத்தொகுதியின் ஒரு நடைவழியில் ‘ஃபிஃப்த் பேசேஜ்’ என்ற கலை இடத்தை நடத்தினார்கள். 1993-94 புத்தாண்டை ஒட்டி அங்கே நடந்த ஒரு நிகழ்த்துகலை (கலைஞர் தன் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் கலை) நிகழ்ச்சி பத்திரிகைகளில் பெரும் சர்ச்சையானது. இடம் போயிற்று, அதோடு நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர் மேடையேறிக் கதையை மாற்றும் மன்ற அரங்க நாடகத்துக்கும் அரசு நிதி 2003 வரை நின்றது. அப்புறம், 2007இல் லிட்டில் இந்தியாவின் ரோவெல் ரோட்டில் இரண்டு பழைய கடைவீடுகளில் ‘போஸ்ட்-மியூசியம்’ என்ற கலை இடம் வந்தது. 2011இல் அதுவும் கட்டடத்தை விட்டது. அதை நடத்திய இருவரில் ஒருவரான வூன் தியென் வெய்தான் சப்ஸ்டேஷனின் கடைசிக் கட்டத்தில் ராகா மைத்ராவோடு இணைக் கலை இயக்குநராக இருந்தார். ஒரு வீட்டை இழந்த அனுபவத்தோடு இன்னொரு வீட்டை இழந்தவர்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோழிப்பண்ணை போனாலும் ஆர்டிஸ்ட்ஸ் வில்லேஜ் குழு போகவில்லை. 1992இல் முறையாகப் பதிவுசெய்துகொண்டு இடமில்லாமலே பல பத்தாண்டுகள் இயங்கியது. போஸ்ட்-மியூசியமும் அப்படித்தான். ஆக, ஏற்கெனவே உருவாகிவிட்ட குழு வீடு இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். அடிபடுவது யார் என்றால், இன்னும் குழுவாகச் சேராதவர்கள், இன்னும் பெயர் வைத்துக்கொள்ளாதவர்கள். அவர்கள் காணாமல்போவது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள்.

இப்போது வாடகைக்கு வருவோம். சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். பழைய பள்ளிக்கூடங்கள், கடைவீடுகள், கிடங்குகள் சிலவற்றைக் கலைக் குழுக்களுக்குக் கொடுக்கும் திட்டம் 1985இல் தொடங்கியது. வாடகையில் பத்தில் ஒரு பங்கைக் குழு கட்டினால் போதும், மற்றதை அரசு ஏற்கும் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. சந்தை வாடகைக்கு அந்த நகரத்தில் நாடகக் குழு நடத்த முடியாது என்பதால் இது பெரிய உதவிதான். எத்தனையோ குழுக்கள் உயிரோடு இருப்பது இதனால்தான். இந்த ஏற்பாட்டை ஏதோ சூழ்ச்சி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஒரு குழு முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தால், வரிசையில் நிற்கும் புதுக் குழுவுக்கு எப்போது இடம் கிடைக்கும்? 2010 டிசம்பரில் மன்றம் கொண்டுவந்த புதிய கலையிட வரையறை இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயன்றது: காலவரம்பில்லாத குடியிருப்புக்குப் பதில், குழுவின் வளர்ச்சிக் கட்டத்தைப் பார்த்துத் தவணை முறையில் இடம். ஓர் அரசு நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் நாமும் இதைத்தான் எழுதியிருப்போம். ஒரு கட்டடத்தில் ஒரு குழு இருப்பதைவிட நான்கு குழு இருந்தால் நான்கு பேருக்கு நன்மை. யாருக்கும் தனிச் சலுகை இல்லை. குழி எல்லோருக்கும் ஒரே அளவு.

சப்ஸ்டேஷன் அந்த அளவில் அடங்காததற்குக் காரணம், அது மற்றக் குழுக்களைப் போலத் தனக்காக மட்டும் இடம் வைத்துக்கொண்டிருந்த குழு அல்ல. வந்தவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைப் பிரித்துக் கொடுப்பதே அதன் முதல் வேலை. ஒரு நாடகக் குழுவுக்கு இரண்டு அறை போதும். ஓர் அலுவலகம், ஓர் ஒத்திகைக் கூடம். சப்ஸ்டேஷனுக்கு இரண்டு அறை கொடுத்தால் அது சப்ஸ்டேஷனே இல்லை. அரங்கும் காட்சிக்கூடமும் பொதுச் சொத்தாகி, வேறொருவர் தேதி கொடுப்பார். அந்த வேறொருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை உண்டு. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முன்பின் தெரியாத ஐந்து பேருக்குக் கொடுத்து அது சொதப்பினால் என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணம் போதும்.

சரி, கொள்கை அளவில் இது சரியாக இருந்தாலும், சப்ஸ்டேஷன் எல்லா நாளும் அப்படித்தான் இருந்ததா? இல்லை. பிரியாவிடைக் குறிப்புகள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. விடைபெறும் நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். பணம் என்றைக்கும் போதவில்லை. 2000களின் நடுவில் பின்தோட்டத்தை நேரடி இசையோடு கூடிய ஓர் உணவகத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். வருமானம் வந்தது. பங்க் பையன்கள் வாசித்த இடத்தில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். மையத்தின் மூச்சுப் பகுதி என்று சொல்லத்தக்க இடம் அது. அன்றிலிருந்து வீடு கொஞ்சம் உள்ளொடுங்கிவிட்டது என்று பழைய ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில், 2021இன் கதை அங்கேயே தொடங்கிவிட்டது. ஓர் இடம் தன் செலவுக்காகத் தன்னுடைய ஒரு பகுதியை விற்கத் தொடங்கினால், மிச்சத்தை ஏன் பங்கிடக்கூடாது என்று வீட்டுக்காரர் கேட்பது எளிதாகிவிடுகிறது.

2016 வாக்கில் இன்னொரு சண்டை வந்தது, இது வீட்டுக்குள்ளேயே. அப்போதைய கலை இயக்குநர், யார் கேட்டாலும் அரங்கை வாடகைக்கு விடும் வழக்கத்தை நிறுத்தி, மையமே திட்டமிடும் நிகழ்ச்சிகளில் கவனம் செலுத்தப்போவதாகச் சொன்னார். வாடகை அரங்குகள் நகரில் இப்போது நிறைய வந்துவிட்டன, நமக்கென்று ஒரு குரல் வேண்டும் என்பது அவர் வாதம். அர்த்தமில்லாத வாதமும் அல்ல. 1990இல் இருந்த வறட்சி அப்போது இல்லை. 2002 அக்டோபரில் சுமார் 60 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில் எஸ்பிளனேட் என்ற பெரிய கலையரங்க வளாகம் திறந்தாயிற்று, அதற்குள்ளேயே சிறிய அரங்கும் உண்டு. (குவோ அதைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 10 அன்று காலமானார்.) ஆனால் கலைஞர்கள் கொதித்துவிட்டார்கள். கூட்டம் கூடி விவாதித்தார்கள். கடைசியில் திட்டம் தளர்ந்தது. ஐந்து வருடம் கழித்து வெளியிலிருந்து வந்த அதே கேள்வி, தேதிப் புத்தகத்தை யார் வைத்திருப்பது என்பது, முதலில் உள்ளிருந்துதான் வந்தது.

‘சுயாதீனம்’ என்ற பெயரையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சப்ஸ்டேஷனின் வாசலுக்கு மூன்று பூட்டு. கட்டடம் அரசுடையது. பணத்தில் ஒரு பகுதி அரசு மானியம். மூன்றாவது, நிகழ்ச்சிக்கான உரிமம். 2006 ஆகஸ்டில் சிங்கப்பூர்த் தமிழ் நாடகாசிரியர் இளங்கோவனின் ‘ஸ்மெக்மா’ நாடகம் இங்குள்ள அரங்கில்தான் மேடையேற இருந்தது. கடைசி நேரத்தில் ஊடக வளர்ச்சி ஆணையம் அனுமதியைத் திரும்பப் பெற்றது. நாடகம் நடக்கவில்லை. சப்ஸ்டேஷன் தேதி கொடுத்திருந்தது. அதற்குமேல் கொடுக்க அதன் கையில் எதுவும் இல்லை. இவ்வளவு பூட்டுக்கு நடுவில் எதைச் சுயாதீனம் என்பது? யாரை உள்ளே அழைப்பது என்ற முதல் முடிவு மட்டும் அவர்களுடையது. பிறகு நடப்பதெல்லாம் பேரம், சமரசம், சில சமயம் தோல்வி. அந்த முதல் முடிவும் கைமாறினால், பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். 2021இல் நிர்வாகக் குழு மூடிவிடுகிறோம் என்றதை வீம்பாக நான் பார்க்காததற்கு இதுதான் காரணம். குடும்பம் நடத்திய வீட்டுக்கே ஓர் அறை எடுத்துத் தங்கும் ஆளாகத் திரும்புவதற்கு ஒப்பான ஏற்பாடு அது. அரங்கு வாடகையாக வந்த வருமானமும் போய்விடும் என்பது கணக்குப் பார்த்தால் தெரிகிற இன்னொரு காரணம்.

மன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். நூறு வருடத்தை நெருங்கும் கட்டடத்தில் மின்கம்பி, கூரை, தீயணைப்பு வசதி எல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டும். பொது மக்கள் கூடும் இடத்தில் இதைத் தள்ளிப்போடுவதன் விலை என்ன என்று உலகம் பார்த்திருக்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்தில், கலைஞர்கள் தங்கிப் பயன்படுத்திய ‘கோஸ்ட் ஷிப்’ என்ற கிடங்கில் இசை நிகழ்ச்சி நடக்கும்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். முறையான படிக்கட்டு, தீயணைப்பு நீர்த்தெளிப்பான் எதுவும் அங்கே இல்லை. மலிவான இடம், கேள்வி கேட்காத இடம் என்று நாம் ரசித்துச் சொல்லும் இடங்களின் மறுபக்கம் அது. ஆகவே சீரமைப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, சப்ஸ்டேஷனும் சொல்லவில்லை. சீரமைத்த பிறகு சாவி யாரிடம் என்பதில்தான் பேச்சு முறிந்தது.

வேறு வழி இருந்ததா? மற்ற ஊர்களில் சில விடைகள் உண்டு. பாரிஸில் ரிவோலி தெரு 59ஆம் எண் கட்டடத்தில் 1999இல் கலைஞர்கள் பூட்டை உடைத்துப் புகுந்தார்கள். மாநகராட்சி துரத்துவதற்குப் பதில் கட்டடத்தை விலைக்கு வாங்கி, பாதுகாப்பு வேலைகளைச் செய்து, 2009இல் அவர்களிடமே திறந்துவிட்டது. நியூயார்க்கின் ‘ஏபிசி நோ ரியோ’ அமைப்புக்கு 2006இல் நகர நிர்வாகம் கட்டடத்தை ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. பாழடைந்த அதைச் சரிசெய்யும் பொறுப்பு மட்டும் அவர்கள் தலையில். ஒரு டாலர் என்றால் மலிவு என்று நினைக்க வேண்டாம், கட்டுமானத்துக்குப் பணம் சேர்க்கவே ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது.

நமக்குக் கிட்டத்தில் சோழமண்டலம் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ பத்து ஏக்கர் வாங்கினார்கள். பணம் எங்கிருந்து? பாத்திக் துணி அச்சிட்டு, கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாது, ஆனால் ஓவியனுக்கு வேறு கைத்தொழில் தெரியும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. அப்போது அந்தப் பக்கம் மணலும் சவுக்கும்தான். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் விற்கிற விலைக்கு அப்படியொரு முயற்சியைக் கனவுகூடக் காண முடியாது. பத்திரம் கலைஞர்கள் பெயரில் இருப்பதால் அறுபது வருடம் நெருங்கியும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் அது முதன்மையாகக் கலைஞர்கள் குடியிருந்து வேலை செய்த ஊர். சப்ஸ்டேஷன் போல நகர நடுவில் வருவோர் போவோருக்கெல்லாம் தேதி கொடுத்த இடம் வேறு வகை. சொந்த நிலம் ஒரு பிரச்சினையைத்தான் தீர்க்கும். கதவை யாருக்குத் திறப்பது என்ற பிரச்சினையை அது தீர்க்காது.

சிங்கப்பூரில் நிலத்தை வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே சாத்தியமாக இருந்த வழி, சீரமைத்த கட்டடத்தின் அரங்கையும் காட்சிக்கூடத்தையும் நடத்தும் பொறுப்பை நீண்டகாலக் குத்தகையில் ஒரு சுயேச்சை அமைப்பிடம் ஒப்படைப்பது. யார் வசிக்கிறார்கள் என்பதைத் தவணை முறையில் மாற்றிக்கொள்ளலாம். யார் தேதி கொடுக்கிறார்கள் என்பதை அப்படி மாற்ற வேண்டியதில்லை. 2021இல் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசினார்கள் என்பதுதான் என் குறை. எத்தனை குழுக்களுக்கு அறை கிடைக்கும் என்று எண்ணுவது சுலபம். அறை கேட்டு விண்ணப்பம் போடத் தெரியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதற்கு எண்ணிக்கை கிடையாது.

மூடிவிடுகிறோம் என்ற முடிவும் அப்படியே நிற்கவில்லை. ஜூலையில் கட்டடத்தைக் காலி செய்தார்கள். ஆனால் கலைஞர்கள் தரப்பில் எழுந்த வற்புறுத்தலுக்குப் பிறகு, வீடில்லாத ஒரு கலை நிறுவனமாகத் தொடர்வது என்று சப்ஸ்டேஷன் முடிவெடுத்தது. புதிய ஆட்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நிகழ்ச்சிகள் வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன. ஆர்டிஸ்ட்ஸ் வில்லேஜ் நடந்த பாதைதான். அனுபவமுள்ள கலைஞருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை என்றுகூடச் சொல்லலாம். அவருக்கு மானியம் எழுதத் தெரியும், அரங்கு மேலாளர்களின் தொலைபேசி எண் தெரியும்.

நிலைமை மாறியிருப்பது அந்த ஐந்து பேருக்குத்தான். முன்பு அவர்கள் சப்ஸ்டேஷனிடம் தேதி கேட்டார்கள். இப்போது சப்ஸ்டேஷனே இன்னொருவரிடம் தேதி கேட்டு நிற்கிறது. மானிய விண்ணப்பம் போடலாம் என்றால், இதுவரை மேடையேற்றிய படைப்புகள் எவை என்ற கேள்விக்கு அவர்களிடம் எழுத ஒன்றுமில்லை.